வெள்ளம் என்று எழுதியவள்

முதலாளி இசக்கிசெல்விக்குச் செயின் கொடுத்துவிட்டார் என்று பிஜு வந்து சொன்னபோது, நான் தோவாளையிலிருந்து வந்த மல்லிகைப் பெட்டி ஒன்றைத் திறந்து கையை உள்ளே விட்டிருந்தேன். கை அப்படியே நின்றுவிட்டது. "எத்தனை பவுனாம்?" என்று கேட்டேன். அதுதான் முதலில் வாயில் வந்தது.

பிஜு எங்கள் லோடிங் ஆள். வெட்டுகாட்டுக்காரன், மலையாளி. எங்களோடு சேர்ந்து சேர்ந்து பாதித் தமிழ் பேசுவான். "கழுத்தில் இடுந்ந செயின் இல்ல சேச்சி. மொபைல்ல உள்ள செயின். பிளாக்செயின்" என்றான்.

கழுத்தில் போடும் செயினாக இருந்திருந்தால் எனக்கு இவ்வளவு எரிந்திருக்காது. தங்கம் என்றால் அது அவள் கழுத்தோடு போய்விடும். இது என் வாயில் இருந்ததைப் பிடுங்கி அவள் கையில் கொடுத்த கதை. விவரமாகச் சொன்னால்தான் புரியும்.

திருவனந்தபுரத்தில், ஈஞ்சக்கல் தாண்டி விமான நிலையத்துக்குத் திரும்பும் வழியில் எங்கள் ஷெட் இருக்கிறது. திரவியம் அண்ணாச்சிதான் முதலாளி. மல்லிகை, பிச்சி, அரளி, கூடவே கொஞ்சம் முருங்கைக்காயும் கறிவேப்பிலையும் தோவாளைப் பக்கமிருந்து தெர்மோகோல் பெட்டியில் ஐஸோடு வரும். பார்த்து, லேபிள் ஒட்டித் துபாய்க்கு அனுப்புவோம். விடியும்போது லாரி வரும். மதியத்துக்குள் பெட்டிகள் விமானத்துக்குப் போய்விட வேண்டும். போகாவிட்டால் அதற்குப் பேர் பூ இல்லை, குப்பை.

இந்த ஷெட்டில் பதினெட்டு வருஷமாக ஒரு பெட்டி ஏறுவதும் ஏறாததும் என் வாயில் இருந்தது. லாரி வந்ததும் நாலு பெட்டியைத் திறந்து பார்ப்பேன். "ஏத்து" என்றால் ஏற்றுவார்கள். "வேண்டாம்" என்றால் லாரிக்காரன் பேசாமல் ஊருக்குள் சாலைக்கம்போளம் சந்தைக்கு வண்டியைத் திருப்புவான். மேனேஜர் அழகியநம்பி சார் கண்ணாடி அறைக்குள் உட்கார்ந்துகொண்டு, "பூமாரி சொல்லியாச்சா?" என்று மட்டும் கேட்பார். சொல்லியாச்சு என்றால் எந்தக் காகிதத்தை நீட்டினாலும் கையெழுத்துப் போடுவார். பூ நன்றாகப் போய்ச் சேர்ந்தால் பூமாரி கைராசி என்பார்கள். வாடிப்போனால் திட்டு கண்ணாடி அறைக்குப் போகும். என் சம்பளச் சீட்டில் சூப்பர்வைசர் என்றுதான் இருந்தது. ஆனால் அந்த ஷெட்டை நடத்தியது யார் என்று அங்கே நிற்கும் நாய்க்குக்கூடத் தெரியும்.

அழகியநம்பி சார் அந்த ஓணத்தோடு ஓய்வு பெறுவதாக இருந்தது. திரவியம் அண்ணாச்சி எங்கள் இருவரையும் கூப்பிட்டு, "ஓணம் கழிஞ்சு உங்க ரெண்டு பேர்ல ஒருத்திதான் அந்த ரூம்ல இருக்கணும். யாருன்னு நான் பாத்துச் சொல்லுகேன்" என்றார். இருவர் என்றது என்னையும் இசக்கிசெல்வியையும். எனக்கு அதுவே அவமானமாக இருந்தது. என்னோடு அவளையும் சேர்த்து நிறுத்திப் பார்ப்பதா?

இசக்கிசெல்வியைப் பற்றி நான் சொல்வதை நீங்கள் முழுசாக நம்ப வேண்டாம். எனக்கு அவளைக் கண்டாலே ஆகாது. ஆனால் பார்த்ததைத்தான் சொல்கிறேன். ஊர் ராதாபுரம் பக்கம். புருஷன் தம்பானூரில் ஒரு ஹோட்டலில் பரோட்டா மாஸ்டர். மணக்காட்டில் வாடகை வீடு. பெட்டிகளில் லேபிள் ஒட்ட வந்தவள். வந்த புதிதில் மலையாளம் ஒரு எழுத்துத் தெரியாது. மகளை இங்கே பள்ளிக்கூடத்தில் சேர்த்துவிட்டு, அவள் பாடப் புத்தகத்தை ஷெட்டுக்குக் கொண்டுவந்து, சாப்பாட்டு நேரத்தில் கவிழ்த்த பிளாஸ்டிக் கிரேட்டில் உட்கார்ந்து 'அ, ஆ' எழுதிப் பழகினாள். கேட்டால் சிரிப்பாள். எதற்கெடுத்தாலும் ஒரு சிரிப்பு. ஷெட்டுக்கு வெளியே ரோட்டில் நிற்பவனுக்கும் கேட்கும். மல்லிகை வாசம் அவளுக்கு ஆகாது, அடுக்கடுக்காகத் தும்முவாள். நான் தினமும் இரண்டு முழம் பூ வைத்துக்கொண்டு வருகிறவள். எங்கள் அப்பா கிழக்கேகோட்டையில் பூக்கடை வைத்திருந்தவர். பூவைக் கண்டால் தும்முகிறவள் பூ ஷெட்டுக்கு மேனேஜராம். வயிறு எரியுமா எரியாதா?

இனி அந்தச் செயினுக்கு வருகிறேன். துபாயில் எங்கள் பூவை வாங்குகிறவர் வெங்கிடேஷ் சார். தூத்துக்குடிக்காரர், நல்ல மனுஷன். பூ வாடி வந்தால் நாங்கள் விமானத்துக்காரனைச் சொல்வோம், அவன் எங்களைச் சொல்வான், ஐஸ்காரன் இரண்டு பேரையும் சொல்வான். அவருக்கு அலுத்துவிட்டது. இனிமேல் பிளாக்செயினில் பதிந்து வரும் சரக்கைத்தான் எடுப்பேன் என்று சொல்லிவிட்டார். கழக்கூட்டத்தில் ஒரு கம்பெனியைப் பிடித்து அதைச் செய்துகொடுக்கவும் சொன்னார். அங்கிருந்து ஷில்பா என்று ஒரு பெண் வந்தாள். பார்க்கக் கல்லூரிப் பிள்ளை மாதிரி இருந்தாள். எங்களையெல்லாம் நிறுத்திவைத்து விளக்கினாள்.

"இது ஒரு கணக்குப் புத்தகம் மாதிரி. பட்சே, ஒரு ஆளோட கையில இல்ல. பறிக்கிறவங்க, லாரி, இந்த ஷெட்டு, ஏர்போர்ட்டு, துபாய், எல்லாரோட கையிலயும் அதே காப்பி. ஒருத்தர் எழுதினா எல்லாருக்கும் தெரியும். எழுதினவங்க பேரும் சேர்ந்து விழும். அப்புறம் டிலீட் பண்ணான் பற்றில்ல. தப்புன்னா அதுக்குக் கீழே புதுசா எழுதலாம், அத்ர தான்."

முதலாளியாலும் அழிக்க முடியாதா என்று கேட்டேன். "முதலாளின்னு ஒரு ஆளே அதுல இல்ல சேச்சி" என்றாள். திரவியம் அண்ணாச்சி பக்கத்தில்தான் நின்றார். இருமினார்.

ஒரு லோடு ஏற வேண்டுமானால் மூன்று பேர் போனில் சாவி என்று ஒரு பொத்தான் இருக்கும், அதில் இரண்டு பேராவது அதை அமுக்க வேண்டும். அமுக்கினால் பச்சை விளக்கு வரும். அதற்கு முன் ஒரு பெட்டியும் நகரக்கூடாது. அதற்குப் பயிற்சி கழக்கூட்டத்தில். இசக்கிசெல்வி என்னிடம் வந்து, "எக்கா, நீங்களும் வாங்களேன். பஸ்ல பேசிக்கிட்டே போயிட்டு வந்திருவோம்" என்று கூப்பிட்டாள்.

"பூவு நல்லதா கெட்டதான்னு அந்தப் பிள்ளை எனக்குப் படிச்சுத் தருமாக்கும்? நீ போயிட்டு வா" என்றேன்.

போய்விட்டு வந்தாள். சாவி ஒன்று முதலாளிக்கு, ஒன்று கணக்குப் பார்க்கும் கிரீஷுக்கு, மூன்றாவது இசக்கிசெல்விக்கு. அதைத்தான் பிஜு செயின் கொடுத்துவிட்டார் என்று வந்து சொன்னான்.

மறுநாள் காலையிலேயே தெரிந்துவிட்டது. நாலு பெட்டியைத் திறந்து பார்த்தேன், மொட்டு கல்லு மாதிரி இருந்தது. "ஏத்து" என்றேன். பிஜு தலையில் பெட்டியோடு அப்படியே நின்றான். "சேச்சி, பச்சை வந்நில்லல்லோ" என்றான். பதினெட்டு வருஷத்தில் என் வார்த்தைக்குப் பிறகும் ஒரு பெட்டி காத்து நின்றது அன்றைக்குத்தான். இசக்கிசெல்வி ஓடிவந்து, மூக்கைத் துடைத்துக்கொண்டு, போனை அமுக்கினாள். அந்தப் பக்கம் கிரீஷ் அமுக்கினான். பச்சை வந்தது. பெட்டி போனது.

ஒரு வாரத்தில் லாரிக்காரர்களும் மாறிவிட்டார்கள். முன்பெல்லாம் வண்டியை நிறுத்தியதும், "பூமாரி அக்கா எங்கே?" என்பார்கள். இப்போது இறங்கும்போதே, "இசக்கி அம்மா அமுக்கியாச்சா?" என்கிறார்கள். அம்மாவாம். என்னைவிட ஒன்பது வயது சின்னவள். நான் பெட்டியைப் பார்த்துச் சொல்வதைத்தான் அவள் அமுக்கினாள், அது வேறு விஷயம். சொன்னவள் பேர் காற்றில் போனது, அமுக்கியவள் பேர் துபாய்வரை போனது. வீட்டில் சொன்னால் என் வீட்டுக்காரர், "வேலை குறைஞ்சதுன்னு சந்தோஷப்படு" என்றார். அன்றைக்கு அவருக்குக் குழம்பில் உப்பில்லை.

ஓணத்துக்கு முன்னால் வரும் அத்தம் பிறந்து, ஊரெல்லாம் வாசலில் பூக்களம் போட ஆரம்பித்த வாரம். மழை விடவே இல்லை. வெங்கிடேஷ் சார் ஓணத்துக்கென்று வழக்கத்தைவிட இரண்டு மடங்கு கேட்டிருந்தார். காலையில் லாரி வந்தது. பிஜு ஒரு பெட்டியை இறக்கிப் பார்த்துவிட்டு, "சேச்சி, இதில் வெள்ளம் கேறி" என்றான். நானும் பார்த்தேன். ஒன்றுமில்லை, வழியில் ஐஸ் உருகி அடியில் கொஞ்சம் தண்ணீர் நின்றது. அப்படி ஏழெட்டுப் பெட்டி. அவற்றை ஒதுக்கிவைத்துவிட்டு மற்றதை ஏற்றலாம். நான் அதைத்தான் சொன்னேன்.

பெட்டி ஒதுக்கினால் செயினில் காரணம் எழுத வேண்டும். இசக்கிசெல்வி எழுதினாள். இங்கே இருந்து இருந்து எங்களுக்கெல்லாம் தண்ணீர் என்ற சொல் மறந்துபோயிற்று. "இச்சிரி வெள்ளம் தா" என்றுதான் குடிக்கக் கேட்போம். அவளும் காரணம் என்ற இடத்தில், தமிழில், 'வெள்ளம்' என்று எழுதி அமுக்கிவிட்டாள்.

மலையாளத்தில் அது தண்ணீர். துபாயில் அந்தச் செயின் படிப்பது தமிழில். பூ பறித்த இடத்தில் வெள்ளம் வந்திருந்தால், சாக்கடையெல்லாம் கலந்த தண்ணீர் பூவில் பட்டிருக்கும், பரிசோதனைச் சான்று வரும்வரை அந்த ஊர்ச் சரக்கு ஒன்றையும் எடுக்கக்கூடாது என்று ஒப்பந்தத்தில் இருக்கிறதாம். அதை நிறைவேற்ற மனுஷர் வேண்டாம், செயினே நிறைவேற்றிக்கொள்ளும். நிறைவேற்றிவிட்டது. தோவாளையிலிருந்து வந்த எல்லாப் பெட்டிக்கும் சிவப்பு. அன்றைய லோடு, நாளைய லோடு, ஓணத்து லோடு, அத்தனையும் சிவப்பு.

ஷெட் அப்படியே நின்றது. திரவியம் அண்ணாச்சி காரில் வந்து இறங்கினார். "தூக்குங்கடே, நான் சொல்லுகேன்" என்று கத்தினார். யாரும் தூக்கவில்லை. தூக்கினாலும் விமான நிலையத்தில் வாங்க மாட்டார்கள். சொந்த ஷெட்டில் முதலாளி சொல்லுக்கு ஒரு பெட்டி அசையாமல் கிடந்ததை நான் அன்றைக்குத்தான் பார்த்தேன். இசக்கிசெல்வியின் முகத்தில் ரத்தமே இல்லை. அவள் சிரிப்பு எங்கே போனதோ தெரியவில்லை. எனக்கு எப்படி இருந்தது தெரியுமா? கரும்பு தின்ற மாதிரி இருந்தது.

"தள்ளுங்க எல்லாரும்" என்று சொல்லி, வெங்கிடேஷ் சாருக்கு நானே போன் போட்டேன். எத்தனை தடவை இப்படிப் பேசி எத்தனை லோடைக் காப்பாற்றியிருக்கிறேன். "சார், நான் பூமாரி பேசுகேன். வெள்ளமும் இல்ல, ஒரு மண்ணும் இல்ல. ஐஸ் உருகின தண்ணியாக்கும். நான் கண்ணால பாத்தேன்" என்றேன்.

"அக்கா, உங்க சொல்லு எனக்குப் போதும். ஆனா அதுக்குப் போதாதே" என்றார் அவர். "நான் நெனச்சாலும் இங்கிருந்து தொறக்க முடியாது. எழுதினவங்களே அதுக்குக் கீழே திருத்தி எழுதணும். என்ன தப்பு, யார் தப்புன்னு எழுதணும். சாவி வச்சிருக்க ரெண்டு பேரு ஒப்புக்கணும். அப்பதான்."

போனை வைத்தேன். எல்லோரும் என்னையே பார்த்தார்கள். சொன்னேன். இசக்கிசெல்வி கையைப் பிசைந்துகொண்டு நின்றாள். பக்கத்தில் போய், "ட்டீ, பிஜு தப்பாச் சொல்லிட்டான்னு எழுது. அவன்தானே வெள்ளம்னு சொன்னான். முடிஞ்சு போச்சு" என்றேன். அழகியநம்பி சார் காலத்தில் நாங்கள் அப்படித்தான் செய்வோம். குற்றம் எப்போதும் ஒரு படி கீழே இறங்கும்.

அவள் பிஜுவைப் பார்த்தாள். காதில் விழுந்ததோ என்னவோ, அவன் தலை தூக்காமல் ஈர அட்டையை மடித்துக்கொண்டிருந்தான். அவள் கிரேட்டில் உட்கார்ந்து எழுத ஆரம்பித்தாள். எழுதினாள், அழித்தாள், மறுபடி எழுதினாள். அமுக்கும்முன் என்னிடம் காட்டினாள். எழுத்துப் பிழை இருக்கிறதா என்று பார்க்கச் சொன்னாள்.

'நான் வெள்ளம் என்று எழுதியது தண்ணீர். இங்கே தண்ணீரை அப்படிச் சொல்வோம். ஐஸ் உருகியது. மழை வெள்ளம் இல்லை. தப்பு என்னுடையது. இசக்கிசெல்வி.'

பிழை இல்லை என்றேன். அமுக்கினாள். முதலாளியும் கிரீஷும் அமுக்கினார்கள். கொஞ்ச நேரத்தில் ஒவ்வொன்றாகப் பச்சை வந்தது.

ஆனால் அன்றைய விமானம் போய்விட்டது. அந்த லோடு முழுக்கச் சாலைக்கம்போளத்தில் வந்த விலைக்குப் போயிற்று. அந்த வருஷம் திருவனந்தபுரத்தில் பல வீட்டு வாசலில் பூக்களத்தில் மல்லிகைமொட்டு கிடந்ததற்கு இசக்கிசெல்விதான் காரணம். நான் அன்றைக்கு வீட்டுக்குப் போய் நிம்மதியாகச் சாப்பிட்டேன். அவள் கதை முடிந்தது என்று நினைத்தேன். அவள் செய்த தப்பு அவள் பேரோடு, அவள் வாயாலேயே, துபாய்வரை எல்லார் கையிலும் கிடக்கிறது. அழிக்கவே முடியாது. இதைவிட எனக்கு என்ன வேண்டும்?

ஓணம் முடிந்து ஷெட் திறந்த அன்று திரவியம் அண்ணாச்சி என்னைக் கண்ணாடி அறைக்குக் கூப்பிட்டார். நல்ல சேலை கட்டிக்கொண்டு போயிருந்தேன். உட்காரச் சொன்னார். நானாகவே ஆரம்பித்தேன். "அண்ணாச்சி, நான் ஒண்ணே ஒண்ணுதான் சொல்லுகேன். பதினெட்டு வருஷத்துல என் பேர்ல ஒரு தப்பு கிடையாது. எங்க வேணும்னாலும் பாத்துக்கிடுங்க."

"பாத்தேன் மக்கா" என்றார். "செயின்லயும் பாத்தேன், பழைய ஃபைல்லயும் பாத்தேன். தப்பு மட்டுமா இல்ல? உன் பேரே இல்லியே."

எனக்கு முதலில் விளங்கவில்லை. "நான் சொல்லித்தானே அண்ணாச்சி எல்லாம் நடந்துச்சு. உங்களுக்குத் தெரியாதா?"

"எனக்குத் தெரியும். நீ சொன்ன, அழகியநம்பி ஒப்பு போட்டான். அந்தக் காலத்துக்கு அது போதும். இப்போ துபாய்லருந்து வெங்கிடேஷ் என்ன கேக்கான் தெரியுமா? யாரு கெட்டிக்காரின்னு கேக்கல. கெட்டுப்போனா தன் பேரை எழுதுக ஆளு யாருன்னு கேக்கான். அந்தப் பிள்ளை எழுதிட்டா. நீ அவகிட்ட என்ன எழுதச் சொன்னேன்னு பிஜு சொன்னான்." நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டு சொன்னார்: "கோவப்படாத. நாளைக்கு ஒரு லோடு போச்சுன்னா யார்ட்ட கேக்கணும்? உன்ட்ட கேக்கணும்னா நீ எங்க இருக்க?"

"ஷெட்லதான் இருக்கேன் அண்ணாச்சி" என்றேன்.

அவர் மேசைமேல் கிடந்த ஃபைலை மூடினார். கண்ணாடிக்கு வெளியே அவள் நின்று யாரிடமோ பேசிக்கொண்டிருந்தாள். அவளுக்கு முன்னால் அழக்கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டு எழுந்து வந்தேன். பெட்டிகளை மறைத்துக்கொண்டு நின்று, யாருக்கும் தெரியாமல் மூக்கைச் சிந்தினேன். பிஜு பார்த்துவிட்டு, அடுத்த பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனான். அவன் மேல்தான் எனக்கு முதலில் கோபம் வரவேண்டும். அதுவும் வரவில்லை, எல்லாக் கோபமும் அவள் மேலேயே போய்ச் சேர்ந்தது.

இப்போது அவள் கண்ணாடி அறையில் இருக்கிறாள். அழகியநம்பி சாரைப் போல் உள்ளேயே கிடப்பதில்லை, பாதி நேரம் வெளியில் நிற்கிறாள். சத்தம் போடுவதில்லை. ஏதாவது தீர்மானம் என்றால், "இத யாரு பேர்ல எழுதட்டும்?" என்று கேட்கிறாள். கேட்டதும் அவனவன் தள்ளி நிற்கிறான். யாரும் வரவில்லை என்றால் தன் பேரையே எழுதிக்கொள்கிறாள். மேனேஜர் வேலை இவ்வளவுதானா என்று எனக்குத் தோன்றும். அதை என்னால் பதினெட்டு வருஷம் செய்ய முடியவில்லையே என்றும் தோன்றும். அது தோன்றும் நாளெல்லாம் அவள் மேல் இன்னும் கொஞ்சம் எரியும்.

போன வாரம் முதலாளி தன் சாவியை விட்டுக்கொடுத்துவிட்டார். வயசாகிவிட்டது, கண் தெரியவில்லை என்றார். மறுநாள் காலை லாரி வந்து நிற்கிறது, இசக்கிசெல்வி என்னிடம் வந்தாள்.

"எக்கா, அந்தச் சாவியை உங்க பேர்ல கேட்டு வாங்கிட்டேன். ஷில்பா அங்கருந்தே உங்க போன்ல போட்டுட்டா."

"உன் தயவு எனக்கு வேண்டாம்ட்டி."

"தயவு ஒண்ணும் இல்லக்கா." அவள் குரல் இறங்கியது. "பெட்டி எண்ணம் சரியா இருந்தா கிரீஷ் அமுக்கிருவான், பூவைப் பாக்க மாட்டான். பூவைப் பாத்துச் சொல்லுததுக்கு என் பேரு மட்டும் தனியா நிக்குது. ராத்திரி படுத்தா பயமா கிடக்கு. நீங்க சொல்லித்தான நான் அமுக்குதேன். உங்க பேரும் அதுல நிக்கட்டும்."

அவள் தூங்காமல் கிடக்கிறாள் என்று கேட்டதில் ஒரு சந்தோஷம் வந்தது, பொய் சொல்ல மாட்டேன். பெட்டியைத் திறந்து கையை விட்டேன். பூ நன்றாக இருந்தது. நன்றாகத்தான் இருந்ததா என்று மறுபடியும் விட்டுப் பார்த்தேன். இன்னொரு பெட்டியையும் திறக்கச் சொன்னேன். நான் ஒரு லோடுக்கு இத்தனை நேரம் எடுத்ததில்லை. லாரிக்காரன் வாட்ச்சைப் பார்த்தான்.

அவள் அமுக்கிவிட்டு நின்றாள். என் போனில் விரல் வைத்தேன். அமுக்கினேன். பச்சை வந்தது, பெட்டிகள் நகர்ந்தன. திரையில் இரண்டு பெயர் விழுந்திருந்தது. மேலே இசக்கிசெல்வி, கீழே பூமாரி. முதன்முதலாக ஒரு லோடுக்கு என் பெயர் எழுத்தில் வந்துவிட்டது, அவள் பெயருக்குக் கீழே. இனி அதை யாராலும் மாற்ற முடியாது.